கும்பினிக்குப் போற பேராண்டிக்கு

ஏம்பா பேராண்டி, ஒரகடத்துல வேலை கெடைச்சிடுச்சாமே! உங்கம்மா தெருமுனையில இருந்தே சொல்லிகினு வர்றா, "எம் புள்ளைக்குக் கம்பெனியில வேலை மாமா"ன்னு. எந்தக் கம்பெனின்னேன். "கம்பெனிதான் மாமா"ன்னா. அதுவும் சரிதான். நம்ம பக்கம் ஆபீசுன்னா தாலுகா ஆபீசு, கம்பெனின்னா பெரிய காம்பவுண்டு சுவரு, ஒரு கேட்டு, கேட்டுல ஒரு செக்யூரிட்டி. உள்ள காரு செய்யறானா, கண்ணாடி செய்யறானா, எவன் கேக்கறான்?

நல்லா போ, வாணாங்கல. ஆனா நாளைக்கு எவனாவது உன்னை நிக்க வெச்சி, "கம்பெனின்னா இன்னாடா?"ன்னு கேட்டா முழிக்கக் கூடாதில்ல? அதுக்குத்தான் கூப்பிட்டேன். இப்படி உக்காரு. அந்த செல்லைக் கவுத்து வையி.

நம்ம ரிட்டையர்டு இங்கிலீஷ் வாத்தியாரு ஒரு அகராதி வெச்சிருக்காரு, ராத்திரி தலைக்கு வெச்சிப் படுக்கற சைசுல. அதைப் பாத்து ஒருநாள் சொன்னாரு. லத்தீன்ல 'பானிஸ்'னா ரொட்டியாம். 'கோம்'னா கூட. கூட உக்காந்து ரொட்டி திங்கறவன் 'கம்பானியோ'. அது பிரெஞ்சுக்காரன் வாயில பூந்து, இங்கிலீஷ்காரன் வாயில வெளிய வந்தப்ப கம்பெனி ஆயிடுச்சி. ஆக, ஆதியில கம்பெனின்னா பந்தி. நீ வேலைக்குப் போகலடா, பந்திக்குப் போற! இலை முழுசா இருக்கான்னு பாத்து உக்காரு.

பந்தி சமாச்சாரம் நம்ம ஊருக்குப் புதுசா? ஸ்ரீபெரும்புதூருல 1017ல பொறந்த உடையவரு ராமானுஜர் கதை உனக்குத் தெரியாது, நீ கோயிலுக்குப் போறதே சுண்டலுக்கு. கேளு. பூந்தமல்லிக்காரரு திருக்கச்சி நம்பி. வேற சாதி. காஞ்சிபுரத்துல பெருமாளுக்கு விசிறி வீசற கைங்கரியம். அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு, அவர் சாப்பிட்ட மிச்சத்தைத் தான் சாப்பிடணும்னு ராமானுஜருக்கு ஆசை. நம்பி வந்த நேரம் இவர் வீட்டுல இல்ல. கோயிலுக்கு நேரமாச்சின்னு அவர் சாப்பிட்டுட்டுக் கெளம்பிட்டாரு. வீட்டம்மா அந்த இலையைக் குச்சியால தள்ளி, எடத்தைக் கழுவி, தலைக்கும் ஊத்திகினாங்க. மனுசன் வந்து பாத்து மனசொடிஞ்சி போனாருன்னு சொல்லுவாங்க. யார் கூட யார் சாப்பிடறாங்கறது எவ்ளோ பெரிய விவகாரம், பாத்தியா? லத்தீன்காரன் சும்மாவா அதுல இருந்து பேரு புடிச்சான்!

சீமையில அந்த வார்த்தை பந்தியில உக்காந்தபடி இருக்கல. ஒண்ணா ரொட்டி தின்னவன் ஒண்ணா சண்டைக்குப் போனான், பட்டாளத்துல ஒரு கூட்டத்துக்குக் கம்பெனின்னு பேரு. இன்னிக்கும் மிலிட்டரியில அதான். அப்பறம் ஒண்ணா பணம் போட்டுக் கப்பல் விட்டான், அதுவும் கம்பெனி. 1600ல லண்டன்ல ராணி கையெழுத்து வாங்கிகினு கெளம்பினான் பாரு, அவன் பட்டாளம், யாவாரம் ரெண்டையும் ஒரே கப்பல்ல ஏத்திகினு வந்தான். 1639ல மதராசப்பட்டினத்துல எடம் புடிச்சான். நம்ம ஜனம் அவனைக் கும்பினின்னு கூப்பிட்டுது. கும்பின்னா வயிறு. தெரிஞ்சி சொன்னாங்களோ தெரியாம சொன்னாங்களோ, சரியாத்தான் சொன்னாங்க. 1763ல ஆற்காட்டு நவாபு முகமது அலி செங்கல்பட்டு ஜாகீரை அப்படியே அந்த வயித்துல போட்டாரு. நீ இன்னிக்கு பஸ் ஏறப் போற ஊரெல்லாம் அதுல அடக்கம். ஆக இந்த மண்ணுல கம்பெனி புதுசில்ல, இருநூத்தம்பது வருசத்துக்கு மேல ஆச்சி. அப்பவும் நிலத்துலதான் ஆரம்பிச்சான்.

கும்பினியை அசைக்க முடியாதுன்னு மட்டும் நெனைக்காத. காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர்னு ஒரு ஊரு இருக்கு, அத்தை வீட்டுக்குப் போறப்ப பாத்திருப்ப. 1780 செப்டம்பர் 10ஆந் தேதி அங்க ஐதரும் திப்புவும் சேந்து, பெய்லின்னு ஒரு கர்னலோட படையை ராக்கெட் உட்டுத் துவைச்சிட்டாங்க. பெரிய தளபதி மன்ரோ கொஞ்ச தூரத்துல காஞ்சிபுரத்துல இருந்தாரு, வந்து சேரல. ஆபத்துல ஹெட் ஆபீசு வராதுங்கறது அன்னைக்கே தெரிஞ்ச சங்கதி. 1858ல ராணி ஆட்சியைப் புடுங்கிகினாங்க, 1874ல கும்பினிக்கே சங்கு ஊதியாச்சி. ஆனா பேரு போகல. கொழும்புல கொம்பனித் தெருன்னு ஒரு பேட்டையே இருக்கு, ரயில்வே ஸ்டேஷனோட.

இதுக்கு நடுவுல நம்மாளுங்களும் அந்த வார்த்தையை எடுத்துப் பொழங்கினாங்க. நாடகக் கம்பெனி! மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனின்னு கேள்விப்பட்டிருக்கியா? ஏழைப் புள்ளைங்க போய்ச் சேருவாங்க. ஆட்டம், பாட்டு, தூக்கம், சோறு எல்லாம் ஒரே எடத்துல. எம்.ஜி.ஆர் அப்படிப் போன புள்ளைதான். அந்த மனுசன் 1982ல சத்துணவு போட்டாரு. லத்தீன்காரன் சொன்ன அர்த்தத்துக்கு ரொம்பக் கிட்ட வந்த கம்பெனி, என்னைக் கேட்டா அந்த நாடகக் கம்பெனிதான்.

இப்ப அந்த அர்த்தத்தைக் கெடாம காப்பாத்தறவன் யாரு தெரியுமா? டாஸ்மாக் வாசல்ல நின்னுகினு, "மாமே, ஒரு கம்பெனி குடுடா"ங்கறான் பாரு, அவன்தான். கூட உக்காரு, நான் திங்கற சுண்டல்ல நீயும் எடுத்துக்கோங்கறான். சுத்தமான லத்தீன்! முதல் சம்பளம் வந்ததும் அந்த லத்தீனைக் கத்துக்கப் போயிடாத.

உன் கம்பெனிக்கு வருவோம். 1998ல இருங்காட்டுக்கோட்டையில சான்ட்ரோ காரு உருண்டுகினு வெளிய வந்துது. அப்பறம் ஒரகடத்துல 2010ல நிசான், 2012ல பாரத்பென்ஸ் லாரி, 2013ல புல்லட்டு. வேர்க்கடலை போட்ட எடத்துல எல்லாம் கம்பெனி போர்டு. 2006ல நோக்கியா வந்தப்ப, கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேருக்குக் கீழ டிகிரி போடாம நோக்கியான்னே போட்டாங்க. எனக்கும் ஒரு செல்லு வாங்கிக் குடுத்தாங்க, இன்னும் டார்ச்சு எரியுது. கம்பெனிதான் 2014 நவம்பர்ல அணைஞ்சி போச்சி. பின்னாடி அந்த எடத்தைச் சால்காம்ப்னு இன்னொரு கம்பெனிக்காரன் வாங்கி சார்ஜர் பண்ண ஆரம்பிச்சான். கம்பெனி பேருக்குப் பின்னால 'லிமிடெட்'னு ஒரு வால் இருக்குமே, 1855ல சீமையில சட்டம் போட்டு ஒட்டின வால் அது. கடன் முங்கினா பங்குக்காரன் போட்ட பணத்தோட போச்சி, அவன் வீட்டு அண்டாவைத் தூக்க முடியாது. லிமிட்டு நட்டத்துக்குத்தான், லாபத்துக்கு இல்ல. நம்ம வீட்டு அண்டாவுக்கு மட்டும் எந்தச் சட்டமும் இல்ல.

பந்தின்னேனே, அதையும் கேட்டுக்கோ. 2021 டிசம்பர்ல ஐபோன் பண்ற ஃபாக்ஸ்கான் பொண்ணுங்க ஹாஸ்டல்ல சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்காம, நூத்தம்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரியில படுத்தாங்க. மத்த புள்ளைங்க ராத்திரியோட பெங்களூர் ரோட்டுல வந்து உக்காந்துட்டாங்க. கம்பெனியை இழுத்து மூடி, ஜனவரியிலதான் தொறந்தான். அவ்ளோ வெலை ஒசந்த போனு, அதைச் செய்யற கை தொட்ட தட்டுல ஊசிப்போன சோறு. 'கூட ரொட்டி திங்கறவன்'ங்கற பேருக்கு நல்ல மரியாதை!

2024ல சாம்சங்காரங்க சுங்குவார்சத்திரத்துல முப்பத்தேழு நாளு வேலையை நிறுத்தினாங்களே, அதுல ஒரு வேடிக்கை. சங்கம் வெச்சிக்கறோம்னாங்க. கம்பெனி, எம் பேரைச் சங்கத்துக்கு வெக்கக் கூடாதுன்னுது. சட்டை முதுகுல அந்தப் பேரு இருக்கலாம், பிரிட்ஜ் கதவுல இருக்கலாம், சங்கத்து ரசீதுல மட்டும் இருக்கக் கூடாதாம். கடைசியில 2025 ஜனவரியில அந்தப் பேரோடயே சங்கம் பதிவாச்சி.

இப்ப அந்த கார்டைக் கழுத்துல இருந்து கழட்டு. குடு இப்படி. எனக்குக் கண்ணு தெரியல, நீயே படி. முன்பக்கம் பெரிய எழுத்துல கம்பெனி பேரு. சரி, திருப்பு. அடியில எறும்பு ஊர்ற மாதிரி இன்னா எழுதியிருக்கு? ஏதோ மேன்பவர் சர்வீசு. அந்தக் கயிறு இன்னா கலரு? நீலம். பர்மனென்ட்காரங்களுக்கு? தெரியலயா. போய்ப் பாரு, வேற கலரா இருக்கும். நீ அவங்க எடத்துல நின்னு, அவங்க மிஷின்ல, அவங்க பீசைப் பண்ணுவ. ஆனா நீ அவங்க கம்பெனி ரோல்ல கெடையாது, கான்ட்ராக்ட். உங்கம்மாகிட்ட இதைச் சொல்லாத, தெரு பூரா மறுபடியும் திரும்பி நடக்கணும் அவ.

மூஞ்சைத் தொங்கப் போடாத. கெட்டிக்காரனா இரு. சூப்பர்வைசர் "நாம எல்லாம் ஒரே குடும்பம்"னா பல்லைக் காட்டு, கூடவே பி.எஃப். பாஸ்புக்கை செல்லுல தொறந்து, எந்தக் கம்பெனி பேருல மாசாமாசம் ஏறுதுன்னு பாத்து வெச்சிக்கோ. சம்பள சிலிப்பை மடிச்சித் தூக்கிப் போடாத, டிரங்குப் பெட்டியில போடு. ஓ.டி. பாத்தா மணியை எழுதி வையி, அவங்க நோட்டுல இல்ல, உன் நோட்டுல. ட்ரெய்னிங்னு எத்தினி மாசம் சொன்னாங்கன்னு நாலு பேர் கேக்க இன்னொரு தடவை கேளு. உனக்கு மறதின்னு சொல்லிக்கோ, பரவால்ல.

அப்பறம் கேன்டீன். 1948ல போட்ட ஃபேக்டரி சட்டத்துல அப்பவே எழுதி வெச்சான்: எரநூத்தம்பது பேருக்கு மேல வேலை செஞ்சா கேன்டீன் வெச்சாகணும்னு. லத்தீன் ரொட்டியில மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான், உடாத. முதல் நாளு நாஷ்டாவுக்குப் போனதும் வரிசையில முந்தாத, ஒரு ஓரமா நின்னு கவனி. நீலக் கயிறு எங்க உக்காருது, மத்த கயிறு எங்க உக்காருது, கொரியாக்காரரு இருந்தா அவருக்குத் தட்டுல இன்னா வருது, எல்லாம் பாரு. ஜி.எம்.மு தட்டை ஏந்திகினு வந்து உன் பக்கத்துல உக்காந்து, உனக்கு ஊத்தின அதே சாம்பாரை ஊத்திகினு, அதே ஊசிவடையைக் கடிச்சாருன்னா, உடனே எனக்கு ஒரு போனு போடு. எழுபத்தாறு வயசாச்சின்னா இன்னா, நானும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வெக்கறேன்.