கம்போசர் ஷேக்ஸ்பியர்

‘முரண்படும் பார்வைகள்’ பற்றி இன்னொரு மாதிரிக் கட்டுரை. இந்த வாரம் கண்ணில் பட்டதில் இது நான்காவது. நான்கும் ஒன்றேதான், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பள்ளியிறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யில், ஆங்கிலத் தாளில் 2009 முதல் 2014 வரை இருந்த தலைப்பு இது. பாடத்திட்டம் விட்டுத் தொலைத்துவிட்டது, கட்டுரை விட்டபாடில்லை. உண்மை ஆளுக்கு ஆள் மாறும் என்று தொடங்கும், ஆகவே உண்மை ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று முடியும். பார்வைகள் மோதிக்கொள்வதைப் பற்றி எழுதுகிற கட்டுரைதான் எவரோடும் மோதாமல் இவ்வளவு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது என்பது என் கட்சி.  அதற்குக் காரணம், கம்போசர்.

இந்தக் கட்டுரைகளில் ஷேக்ஸ்பியர் நாடகாசிரியர் இல்லை, கம்போசர். அந்த மாநிலத்துப் பாடத்திட்டத்தின் சொல் அது. நூலோ படமோ எதைச் செய்தவரும் கம்போசர், படிப்பவரோ பார்ப்பவரோ ரெஸ்பாண்டர். தமிழ்க் காதுக்குக் கம்போசர் என்றால் ஆர்மோனியப் பெட்டியும் கையுமாக ஒருவர்தான் நினைவுக்கு வருவார். ஆக, ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்துக்கு இசை ஷேக்ஸ்பியர். மனைவி சில்வியா பிளாத்தைப் பற்றி ‘பர்த்டே லெட்டர்ஸ்’ கவிதைகளை எழுதிய டெட் ஹியூஸ், அதற்கும் இசை. தான் நடத்திய வழக்குகளைப் பற்றி ‘தி ஜஸ்டிஸ் கேம்’ எழுதிய ஜெஃப்ரி ராபர்ட்சனுக்கும், பாவம், வக்கீல் கோட்டுக்கு மேல் கிடாரை மாட்டிவிட்டார்கள். ‘வாக் தி டாக்’ படத்தை இயக்கிய பாரி லெவின்சன் கம்போசர் என்றால், அதற்கு நிஜமாகவே இசையமைத்த மார்க் நாஃப்ளர் யார்? இந்தக் கம்போசர் எதையும் எழுதவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். வெளிச்சம் போட்டுக் காட்டுவார், ஆராய்வார், கேள்விக்குட்படுத்துவார், மறுபடி வெளிச்சம் போடுவார். பத்திக்கு இரண்டு தடவை விளக்குப் போடுகிற மனிதருக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது? ரெஸ்பாண்டர் நிலைமை இன்னும் மோசம். அவர் சிரிப்பதில்லை, தூங்குவதில்லை, புத்தகத்தைப் பாதியில் மூடிவைப்பதில்லை. ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் தன் பார்வையை மறுபரிசீலனை செய்யத் தூண்டப்படுகிறார். தினமும் இத்தனை மறுபரிசீலனை செய்கிறவர் காலையில் இட்லியா தோசையா என்றுகூட முடிவெடுத்திருக்க மாட்டார்.

ஒரு சொல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். எல்லாரையும் கம்போசராக்கிவிட்டால் யார் எங்கே நின்று பேசுகிறார் என்பது மறைந்துபோகும். ஹியூஸுக்கு எதிரே பிளாத்தின் ‘டாடி’ கவிதையை நிறுத்தி, இரண்டு பார்வையும் சரிசமம் என்று கட்டுரை கைகழுவுகிறது. பிளாத் இறந்தது 1963. ஹியூஸின் புத்தகம் வந்தது 1998. இடையே 1965-இல் பிளாத்தின் ‘ஏரியல்’ தொகுப்பை, வரிசையை மாற்றி, சில கவிதைகளை எடுத்துவிட்டு வெளியிட்டவரும் ஹியூஸேதான். ஒரு தரப்பின் வாக்குமூலத்தை எதிர்த்தரப்பே தொகுத்துக் கொடுத்து, 35 வருடம் கழித்துப் பதிலும் சொன்ன வழக்கு இது. ஹியூஸ் தன் ‘தி மினோட்டார்’ கவிதையில், குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தான் 20 நிமிடம் தாமதமாக வந்ததற்கு, தன் அம்மா வழி வந்த மஹாகனி மேசையை பிளாத் ஸ்டூலால் அடித்து நொறுக்கினாள் என்கிறார். 20 நிமிடம் என்பது யார் கடிகாரத்தில்? மோதல் அங்கேதான் இருக்கிறது. கட்டுரையோ, மேசை ஒரு குறியீடு என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது.

தேர்வில் இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரை. ஒன்றுக்கு 40 நிமிடம். பிளஸ் டூ பிள்ளை வேறென்ன செய்யும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்த 40 நிமிடம் தேர்வுக்கூடத்துக்கு. கட்டுரையை வீட்டில் மாதக்கணக்கில் உருப்போட்டிருக்கிறார்கள். அத்தனை மாதத்தில் ஹியூஸ் மேல் ஒரு தடவையாவது கோபம் வந்திருக்கலாமே. கோனார் உரையில் வளர்ந்த நாம் இதைப் பேசலாமா என்றால், பேசலாம். கோனார் உரையைப் பார்த்து எழுதிய எவனும் அது தன் சொந்தப் பார்வை என்று சாதித்ததில்லை. பட்டிமன்ற நடுவர்கூட இரு பக்கமும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒரு பக்கம் சாய்வார், கைதட்டலுக்காகவாவது.

அதே ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், சீசருக்கு அதிகார ஆசை மிஞ்சியதால் கொன்றேன் என்று புரூட்டஸ் உரைநடையில் விளக்குகிறார். கேட்ட கூட்டத்தில் ஒருவன், இவரையே சீசராக்குங்கள் என்று கத்துகிறான். அசல் ரெஸ்பாண்டர். பிறகு சீசரின் நண்பன் ஆன்டனி செய்யுளில் பேச, அதே கூட்டம் பார்வையை மறுபரிசீலனை செய்துவிட்டுத் தீ வைக்கக் கிளம்புகிறது. வழியில் சின்னா என்ற கவிஞர் மாட்டிக்கொள்கிறார். சதிகாரன் ஒருவனுக்கும் அதே பெயர். அந்தச் சின்னா நானில்லை, நான் கவிஞன் என்று அவர் கதற, அப்படியானால் மோசமான கவிதை எழுதியதற்காகக் கிழியுங்கள் என்கிறான் கூட்டத்தில் ஒருவன். குறியீடு, உத்தி, விளைவு எதுவும் இல்லை, நேராகத் தீர்ப்பு. கொலை தப்புத்தான், ஆனால் அவனுக்கு 20-க்கு எத்தனை மார்க் போடுவார்கள்?