சொட்டு வந்துச்சா?

பழைய கார் வைத்திருப்பவர்களில் மெழுகு போட்டுத் துடைக்கிறவர் சாது. கண்காட்சியில் காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவரையும் சகித்துக்கொள்ளலாம். கேபிளுக்கு எண்ணெய் விடுகிறவர் இருக்கிறாரே, அவரோடு ஒரே கட்டடத்தில் குடியிருந்து பார்க்க வேண்டும்.

எங்கள் கேபிள்காரருடையது 1968 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. வண்டலூர்ப் பக்கம் பிறந்த வண்டி என்பதால் அதைச் சொந்தக்காரப் பெண் மாதிரிதான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சோக் கேபிளைக் கழற்றிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். காலிப் பால் கவரின் மூலையைக் கத்தரித்து, அதில் கேபிளின் மேல்முனையைச் செருகி, ரப்பர் பேண்டால் நாலு சுற்று. கவருக்குள் என்ஜின் ஆயில். அப்படியே கயிற்றில் கட்டிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே இறக்குவார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் நர்ஸுக்குக்கூட அவ்வளவு நிதானம் கிடையாது.

கேபிளின் கீழ்முனை வந்து நிற்பது என் பால்கனியில். கீழே காலி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நான்.

“சொட்டு வந்துச்சா தம்பி?”

“இன்னும் இல்ல சார்.”

காபி குடித்துவிட்டு வருவேன்.

“இப்ப?”

உள்ளே கம்பி, வெளியே சுருள் உறை, நடுவில் மயிரிழை இடைவெளி. அதற்குள் எண்ணெய் இறங்கி வருவதற்குள் பேப்பரில் வரி விளம்பரம் வரை படித்துவிடலாம். முதல் சொட்டு கறுப்பாக வரும். அடுத்து துரு கலந்து டிகாக்‌ஷன் நிறம். ஊற்றின எண்ணெய் ஊற்றின நிறத்திலேயே வெளியே வரும்வரை நான் நகரக் கூடாது.

ஒரு ஞாயிறு, கிரிக்கெட் அவசரத்தில், “தேன் மாதிரி வருது சார்” என்று பொய் சொல்லிவிட்டேன். இறங்கி வந்தார். உள்கம்பியை உருவி வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்து, கறுப்புக் கோட்டை என் முகத்துக்கு நேரே காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் கணக்கு வாத்தியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

1896-ல் எர்னஸ்ட் பௌடன் பிரிட்டனில் இந்தக் கேபிளுக்குக் காப்புரிமை வாங்கியதைப் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் போலச் சொல்லுவார். ஸ்பீடாமீட்டர் கேபிளுக்கு எண்ணெய் ஆகாதாம், கிரீஸ்தான். அதையும் மேல்முனையில் நாலு விரல் விட்டுத்தான் தடவ வேண்டுமாம். இல்லாவிட்டால் கம்பி சுற்றச் சுற்ற கிரீஸ் மேலே ஏறி மீட்டருக்குள் புகுந்துவிடும். என் ஸ்கூட்டர் கிளட்ச் கேபிளை ஒருநாள் கையில் வாங்கிப் பார்த்தார். “உள்ள நைலான் குழாய் இருக்கு தம்பி. இதுக்கு எண்ணெயே விட வேணாம்” என்றார். குழந்தை இல்லாத வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரல்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷமாகச் சொட்டு எண்ணுகிறேன். அந்தக் காரில் தெருமுனை டீக்கடை வரைக்கும்கூட நான் போனதில்லை, அவரும் போனதில்லை. கார்புரேட்டர் ரிப்பேருக்குப் போய் மூன்றாவது வருஷம் நடக்கிறது. “சோக்கை இழுத்துப் பாருங்க தம்பி, வெண்ணெய்!” என்று கூப்பிட்டபோது போய் இழுத்தேன். உண்மையிலேயே வெண்ணெய்தான். வழுக்காமல் என்ன செய்யும், மறுமுனை எதிலும் மாட்டியிருக்கவில்லையே! என் பால்கனித் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் போக மாட்டேனென்கிறது. வீட்டுக்காரருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நேற்று மாடிப்படியில் நிறுத்தி, இந்த வாரம் ஹேண்ட் பிரேக் கேபிள் என்றார். அது இன்னும் நீளம். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.