சங்கம் இருக்கலாம், சத்தம் கூடாது: டீன்களுக்கு ஒரு கையேடு

நீங்கள் அமெரிக்காவில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு டீன். கறுப்பின மாணவர்கள் சிலர் அறை வாசலில் நிற்கிறார்கள். சங்கம் தொடங்க வேண்டுமாம். பதறாதீர்கள், மறுத்தும் விடாதீர்கள். மறுத்தால் செய்தித்தாளில் வரும். அனுமதித்தால் கல்லூரி விளம்பர மலரில் வரும். சங்கம் இருக்க வேண்டும், அதனால் ஒன்றும் நடந்துவிடக் கூடாது. அங்கேதான் சாமர்த்தியம்.

எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகம் நல்ல பாடம். அறுபதுகளின் இறுதியில் அங்கே பொறியியல் சேர்ந்த கறுப்பின முதலாண்டு மாணவர்களில் 80 சதவீதம் பேர் பாதியிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். நிர்வாகத்துக்கு எவ்வளவு நிம்மதி! 1971-இல் எட்வர்ட் பார்னெட், ஃபிரெட் கூப்பர் என்ற இரண்டு மாணவர்கள் டீனிடம் போனார்கள். அவரும் தலையாட்டி, பொறியியல் பிரிவில் இருந்த ஒரே கறுப்பின ஆசிரியரான ஆர்தர் பாண்டை ஆலோசகராகப் போட்டார். இதுவரை சரி. ஒரே ஒருவர் இருந்தால் எல்லாக் குழுவிலும் அவரையே போட்டுவிடலாம், பாவம், ஆராய்ச்சிக்கு நேரமே இருக்காது. ஆனால் இந்த பாண்ட் ஆலோசகர் வேலையை நிஜமாகவே பார்த்துவிட்டார். அவர் கொடுத்த ஊக்கத்தில் மாணவர்கள் 288 கல்லூரிகளுக்குக் கடிதம் போட்டார்கள்: உங்களிடம் கறுப்பின மாணவர் தலைவர்கள் யாராவது இருக்கிறார்களா?

சுமார் 80 இடங்களிலிருந்து பதில் வந்தது. பதிலே போடாத அந்த இருநூற்றுச் சொச்சம் கல்லூரிகளை நம் முன்னோடிகளாகக் கொள்க. பதில் போட்டதன் பலன், 1975 ஏப்ரலில் 32 கல்லூரிகளிலிருந்து 48 பேர் பர்டூவில் கூடினார்கள். தேசியக் கறுப்பினப் பொறியாளர் சங்கம் பிறந்துவிட்டது. ஆகவே உங்கள் மாணவர்கள் கண்ணில் தபால்தலை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாப்பாடு. பீட்சா தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம், பில்லைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கூடிப் படிக்க ஓர் அறை கேட்டால் மட்டும் உஷார். எழுபதுகளில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பவர், கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தவறுகிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினார். வீட்டில் அக்கறையில்லை, அடிப்படை போதாது, உழைப்பில்லை என்று சக ஆசிரியர்கள் காரணங்களைத் தயாராக வைத்திருந்தார்கள். அவரோ மாணவர்கள் கூடவே சுற்றிப் பார்த்தார். சீன வம்சாவளி மாணவர்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள், பழைய வினாத்தாள்களையும் போட்டுப் பார்த்தார்கள். கறுப்பின மாணவர்கள் மாங்கு மாங்கென்று உழைத்தார்கள், ஆனால் தன்னந்தனியாக. பிறகு டிரைஸ்மன் அவர்களை ஒரே மேஜையில் உட்காரவைத்து, வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். தேறிவிட்டார்கள்!

இந்த விஷயம் உங்கள் வளாகத்தில் பரவக் கூடாது. யாராவது மேஜை கேட்டு வந்தால், 'பின்தங்கிய மாணவர்களுக்கான சிறப்புப் பயிற்சி' என்று பலகை மாட்டிய வகுப்பொன்றைத் திறந்துவிடுங்கள். சுலபமான கணக்குகளாகவே கொடுங்கள். தன்மானம் உள்ள எவனும் அந்தப் பக்கம் வர மாட்டான். வருகைப் பதிவேட்டைக் காட்டி, ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதி முடித்துவிடலாம்.

புகைப்படம் முக்கியம். உங்கள் கூட்டத்தில் கறுப்பு முகம் கிடைக்காவிட்டால் மட்டும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். 2000-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கால்பந்து ரசிகர் கூட்டம் ஒன்றின் படத்தில் ஒரு கறுப்பின மாணவரின் முகத்தை ஒட்டி, விண்ணப்பக் கையேட்டு அட்டையில் போட்டு மாட்டிக்கொண்டது. கொஞ்சம் பொறுமையாக, ஆண்டு விழா வரை காத்திருந்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் தாராளமாக இருங்கள். அந்த தேசிய சங்கம் கோடை விடுமுறையில் இலவச முகாம் நடத்தி, மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை எதையாவது கட்டிப் பார்க்க வைக்கிறது. சொல்லிக் கொடுப்பவர்களும் பொறியியல் மாணவர்களே. உங்கள் கட்டடத்தைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், ரிப்பன் வெட்டவும் நீங்களே போங்கள். அந்தப் பிள்ளைகள் விண்ணப்பப் படிவத்தோடு வந்து நிற்க இன்னும் எட்டு, பத்து வருஷம் ஆகும். அதற்குள் நீங்கள் ரிட்டயர் ஆகியிருப்பீர்கள்.