நிற்காத விமானமும் நிற்காத கேள்விகளும்

கே: நடுவில் எங்கும் இறங்காமல் போகும் பயணிகள் விமானங்களில் எதற்கு ஓட்டம் அதிகம்?

ப: இப்போதைக்கு சிங்கப்பூர் – நியூயார்க். நேர்த்தூரம் சுமார் 15,350 கி.மீ.; பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல். இதைவிடத் தூரம் போக ஆசைப்படலாம், ஆனால் பூமியின் சுற்றளவே 40,000 கி.மீ.தான். 20,000-ஐத் தாண்டினால் அது போகிற கணக்கில் வராது, திரும்புகிற கணக்கு.

கே: அந்தத் தூரத்தை யார் டேப் பிடித்து அளந்தது?

ப: பள்ளிக்கூட அட்லஸ் போதும், நீங்களே அளக்கலாம். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையில், நியூயார்க் மேற்கே 74-ல். கூட்டினால் 178. இரண்டு ஊரும் கிட்டத்தட்ட முதுகுக்கு முதுகு காட்டி நிற்கின்றன! ஆக, குறுக்கு வழி வடதுருவத்தை ஒட்டித்தான். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4. மொத்தம் 138. பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்குங்கள்: 15,346. டேப் மிச்சம்.

கே: அப்படியானால் விமானி துருவத்துக்கு மேலேதான் ஓட்டுகிறாரா?

ப: பெரும்பாலும் இல்லை. பசிபிக் கடலைத் தாண்டி, 16,000 கி.மீ.க்கு மேல் சுற்றிப் போகிறார். எல்லாம் காற்றுக்காக. ஏறத்தாழ பத்து கி.மீ. உயரத்தில் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. மணிக்கு 200 கி.மீ. வேகம் அதற்குச் சாதாரணம். பின்னாலிருந்து அது தள்ளும்போது கூடுதல் தூரம் உறைப்பதில்லை. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையுமே? அதனால் பல நாட்களில் பசிபிக் பக்கமே தலைகாட்டாமல் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே பறக்கிறார்கள். போய்வந்தவர் பூமியை ஒரு சுற்றுச் சுற்றியாகிவிட்டது. டிக்கெட்டில் மட்டும் ‘ரிட்டர்ன்’ என்று இருக்கும்.

கே: பூமிதான் சுழல்கிறதே, மேலே எழும்பிச் சும்மா நின்றால் நியூயார்க் தானாக வந்துவிடாதா?

ப: காற்றும் கூடவே சுழல்கிறதே ஐயா! ஓடும் ரயிலுக்குள் ஒரு குதி குதித்துப் பாருங்கள், அடுத்த பெட்டியிலா விழுகிறீர்கள்?

கே: எகானமி டிக்கெட் என்ன விலை?

ப: விற்றால்தானே விலை! சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கு விடும் ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. டேங்க் 1,65,000 லிட்டர் கொள்ளும். அவ்வளவையும் தூக்க வேண்டுமானால் ஆளைக் குறைக்கத்தான் வேண்டும். 2004-ல் நான்கு என்ஜின் ஏ340-500-ஐ வைத்து, நியூயார்க்கை அடுத்த நியூவார்க்குக்கு விட்டுப் பார்த்தார்கள். எரிபொருள் கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்தினார்கள். இரண்டு என்ஜினோடு 2018-ல் மறுபடி வந்தார்கள்.

கே: வானில் இருந்த நேரத்திலும் இதுதான் சாதனையா?

ப: அதில் பழைய ஆள் ஒருவர் இருக்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, குவாண்டாஸ் நிறுவனத்தின் கேட்டலினா கடல் விமானங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரி வரை நிற்காமல் பறந்தன. முப்பது மணி நேரத்தைத் தாண்டியதும் உண்டு. ஜப்பானியர் காதில் விழக்கூடாதென்று வானொலியை வாய்மூட வைத்து, நட்சத்திரம் பார்த்து வழி பிடித்தார்கள். ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதித்ததால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று பெயர். பயணிகளுக்கு அதற்கொரு சான்றிதழும் கொடுத்தார்கள். பயணிகள் அதிகபட்சம் மூன்று பேர். ஜன்னல் சீட்டுக்கு அடிதடி வந்திருக்காது.