ஊருக்கு வந்தவன் கைக்காசின் அரை ஆயுள்

அகநானூற்றில் ஒற்றைப்படை எண் விழுந்த பாட்டு 200. அத்தனையும் பாலை. அவற்றில் பலவற்றில் தலைவன் பொருள் தேடக் கிளம்புகிறான். தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது, தோழி தேற்றுகிறாள். எல்லாம் சரி. கொண்டுவந்த பொருள் ஊர் எல்லையைத் தாண்டியபின் எத்தனை நாள் தாங்கியது என்று மட்டும் ஒரு புலவரும் சொல்லக் காணோம். தமிழாய்வில் இவ்வளவு காலமாகக் கிடக்கும் இந்த ஓட்டையை அடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் பேராவூரணி வட்டாரம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி ஒன்றே ஒன்று: சிங்கப்பூர் ஷிப்யார்டில் வேலை பார்க்கும் நான். காலம், இருபத்தெட்டு நாள் லீவு.

முதலில் கைக்காசு என்பது யாது? நிலத்துக்கு, வீட்டுக்கு, தங்கச்சிக்கு என்று என்ஆர்இ கணக்கில் போட்டது கைக்காசு ஆகாது. அதற்குப் பெயர் வைத்தாயிற்று. இனி அதை யாரும் தொட முடியாது. பெட்டி கட்டும்போது, "லீவுல கையில இருக்கட்டும்" என்று தனியே மடித்து வைப்பதே கைக்காசு. அதை ரூபாயாகவே கொண்டுவருவோர் உண்டு. விமானத்தில் வந்து இறங்குகிறவர் 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டாகக் கொண்டுவரலாம். நான் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். காரணம் வரலாற்றுப்பூர்வமானது. அடுத்த லீவுக்குக் கார் வாடகை என்று ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பாஸ்போர்ட் உறையில் பத்திரப்படுத்தியிருந்தேன். 2016 நவம்பர் 8 இரவோடு அவை வெறும் தாளாயின. வெளிநாடுவாழ் இந்தியர் 2017 ஜூன் 30 வரை ரிசர்வ் வங்கியில் கட்டலாம் என்று சலுகை கொடுத்தார்கள். மூவாயிரம் ரூபாயைக் காப்பாற்ற விமான டிக்கெட் எடுப்பது எந்தப் பொருளாதாரப் பள்ளிக்கும் உடன்பாடாக இருக்காது.

இனிக் கண்டுபிடிப்புகள். முதலாவது, வகுத்தல் விதி. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு அறுபது ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. திருச்சியில் இறங்கியவனின் மூளை முதல் வாரம் முழுக்கப் பார்த்ததையெல்லாம் அறுபதால் வகுத்துக்கொண்டே இருக்கும். கார் வாடகை மூவாயிரத்து ஐந்நூறா? அறுபது வெள்ளிகூட இல்லை. மச்சான்மார் ஆறு பேருக்குப் பிரியாணியா? அட, இருபது வெள்ளிதானே. இந்தத் 'தானே'தான் நோயின் மூலக்கிருமி. மூன்றாம் வாரத்தில் மடிப்பு மெலிந்ததும் வகுத்தல் குறி தானாகவே கவிழ்ந்து பெருக்கல் குறியாகிறது. மிச்சம் எட்டு நாள், நாளுக்கு இவ்வளவு என்றால் மொத்தம் எவ்வளவு என்று விரல் விட ஆரம்பிக்கிறான். முதல் நாள் கார்க்காரரிடம், "மிச்சத்த வச்சுக்கங்கண்ணே" என்றவன், இருபதாம் நாள் கீரைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசி, "சிங்கப்பூர்லேருந்து வந்தவன் பேசுற பேச்சாடா இது" என்று ஆத்தாவிடம் ஏச்சு வாங்கினான். வரும் வழி குறுகலானாலும் போகும் வழி அகலாதவரை கேடில்லை என்ற பொருளில் வள்ளுவர் 478ஆம் குறளில் சொல்லியிருக்கிறார். அவர் லீவில் வந்தவரில்லை.

இரண்டாவது, திண்ணை விதி. அப்பத்தாவைப் பார்க்கப் போனேன். கண் சரியாகத் தெரியாது. கன்னத்தைத் தடவி, "எளச்சுட்டியேய்யா" என்றது. (நான் நான்கு கிலோ கூடியிருந்தேன்.) ஐந்நூறு ரூபாயை உள்ளங்கையில் வைத்து மூடினேன். மூடிய பிறகுதான் திண்ணையின் நிழலுக்குள் இன்னும் இரண்டு கிழவிகள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இருவரும் என்னைத் தூக்கி வளர்த்தவர்களாம். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலையை மடிப்பதை மட்டும் நிறுத்தினார்கள். ஆகவே கொடுக்கும் முன் திண்ணையில் இருப்போரை எண்ணுக என்பது விதி. கோடாலித் தைலம் கையிலிருந்தால் தப்பிக்கலாம். எங்கள் பக்கம் அது மருந்து மட்டுமல்ல, முழு மதிப்புள்ள செலாவணி.

மூன்றாவது, சில்லறைக் கசிவு. ஏடிஎம் ஐந்நூறாகத்தான் கக்குகிறது. டீக்கடையில் நீட்டினால், "சில்லற இல்லண்ணே, ஜிபே பண்ணுங்க" என்கிறார்கள். என் ஊர் சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்து வருடமாகிறது. சிங்கப்பூர் நம்பரையே வைத்து என்ஆர்இ கணக்கில் யுபிஐ ஓட்டலாம் என்று 2023இல் வழி திறந்துவிட்டார்கள்தான். ஆனால் வங்கியில் என் நம்பர் மாற வேண்டும், அதற்கு நான் போன அன்று அந்த சீட்டுக்காரர் லீவு. எனவே கூட வந்த சித்தப்பா மகன் தன் போனை நீட்டுவான். கடைப்பெட்டி 'நாற்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது' என்று ஊருக்கே அறிவிக்கும். நான் அவனிடம் ஐந்நூறைக் கொடுப்பேன். மீதியை அவனும் தரமாட்டான், நானும் கேட்கமாட்டேன். நாளுக்கு இரண்டு டீ என்று வைத்துக்கொண்டு வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு மனசு வரவில்லை.

இவையெல்லாம் கசிவுதான். மடை உடைவது ஆடியில். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து மாதம். கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டியதில்லை. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கி, மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முறை வரும். பணம் எண்ணும் இயந்திரம் வைத்துக் கணினி ரசீது கொடுக்கும் பந்தல்களும் உண்டு. விவரம் தெரியாமல் நான் ஆடியில் லீவு போட்டுவிட்டேன்.

அந்த ஆடியில் பெரிய மாமா வீட்டு விருந்து. அவர் முன்பு எங்களுக்கு ஐயாயிரம் செய்திருந்தார். ஆத்தாவின் மொய் நோட்டில் அது நீல மையில் இருக்கிறது. நானும் ஐயாயிரம் எடுத்து வைத்தேன். "அதையே திருப்பிப் போட்டா கணக்கு முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்டா. மேல புதுசா போடு" என்றது ஆத்தா. பத்தாயிரம் போட்டேன். என் முன்னிலையில் என் பணம் இயந்திரத்தில் ஒருமுறை படபடத்தது. ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. கைக்காசின் அரை ஆயுளை இயந்திரத் துல்லியத்தோடு அளக்கும் வாய்ப்பு முந்தைய ஆய்வாளர் எவருக்கும் கிட்டியதில்லை.

வழியனுப்பத் திருச்சிவரை பெரிய மாமாவும் வந்திருந்தார். தள்ளுவண்டியில் ஊறுகாய்ப் பெட்டியை ஏற்றிக்கொண்டே கேட்டார்: "மாப்ள, அடுத்த ஆடிக்கு நம்ம வீட்டு முறை வருதுல்ல? வந்துருவீங்கள்ல? அரிசியும் கெடாயும் நா பாத்துக்கறேன். பந்தலுக்கு மட்டும் கொஞ்சம் முன்பணம் போட்டு விடுங்க, ஒரு ஐந்நூறு வெள்ளி. உங்களுக்கென்ன, அங்க ஐந்நூறுதானே."