மூன்றாம் தரத்துக்கு முன்

புதுக்கோட்டை மாவட்டத்தில் வருவாய்க் கோட்டத்துக்கும் வட்டத்துக்கும் தலைமையிடமாக விளங்கியும் பேரூராட்சி என்னும் அளவிலேயே நிற்கின்ற இலுப்பூர் போன்ற ஊர்களில், பொங்கல் விளையாட்டு விழா முடியும் இரவில், இளைஞர் நற்பணி மன்றத்தின் ஒலிபெருக்கியைத் தன்வயப்படுத்திக்கொள்ளும் ஒருவரைக் காணலாம். அவரே ஏலம் விடுபவர். அவருக்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. மன்ற உறுப்பினர் பட்டியலில் பெயர் இருப்பதுகூட உறுதியன்று. ஆயினும், பந்தல்காரரின் பாக்கியும் மைக்செட்காரரின் பாக்கியும் அவருடைய தொண்டையிலிருந்தே வந்தாக வேண்டும் என்பதில் செயலாளர் முதல் பொருளாளர் வரை எவருக்கும் ஐயமில்லை.

ஏலம் இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. கண்மாய் மீன் குத்தகையை எவ்வளவு குறைவாகக் கேட்டு முடிக்கலாம் என்பதும், ஏலச்சீட்டில், அதாவது மாதந்தோறும் சேரும் தொகையை அதிகம் தள்ளிக் கேட்பவருக்கே கொடுத்துவிடும் சேமிப்பு முறையில், அவசரக்காரர் தள்ளிய பணத்தை ஏனையோர் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பதும் அவர்களுக்கு அத்துபடி. மன்ற ஏலமோ இவற்றுக்கு நேர்மாறான இலக்கணம் உடையது. ஐந்து ரூபாய் எலுமிச்சம்பழம் ஐயாயிரத்துக்குப் போனால் விற்றவரும் வாங்கியவரும் வேடிக்கை பார்த்தவரும் ஒருங்கே மகிழ்கின்றனர். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூரை அடுத்த ஒட்டனந்தல் முருகன் கோயிலில், 2024 பங்குனி உத்திர விழாவின்போது வேலில் செருகிய ஒன்பது எலுமிச்சம்பழங்கள் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போயின; அங்கே மகப்பேறு வாய்க்கும் என்னும் நம்பிக்கை பழத்துக்கு விலை கூட்டுகிறது. மன்றத்துப் பழத்தைக் காலையில் சந்தையில் பேரம் பேசி வாங்கியவர் செயலாளர்தாம் என்பது ஊரறிந்த செய்தியாதலால், அதற்கு வேண்டிய மகிமை முழுவதையும் ஏலம் விடுபவரே குரலால் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு அவர் பயன்படுத்தும் மூலப்பொருள் உறவுமுறை பற்றிய அறிவாகும். எவர் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான், எவர் வீட்டுக்கு மாடி எழும்பியிருக்கிறது, எந்த மைத்துனர் இருவர் வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தியிருக்கின்றனர் என்பனவற்றையெல்லாம் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டைவிடத் துல்லியமாக அறிந்தவர் அவர். "மாமா ரெண்டாயிரங்குறாரு; மச்சான் என்னமோ யோசனையில இருக்காரு; ரெண்டாயிரம் ஒரு தரம்…" என்று அவர் கூறும்போது, மச்சானின் யோசனை பந்தலுக்கே பொதுச்சொத்தாகிவிடுகிறது. இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் அவருக்குத் தாகம் எடுக்கும்; சோடா வரும்; மூடி திறப்பதற்குள் தொகை மூவாயிரமாகியிருக்கும்.

ஏலத்தில் வென்றவர் பொருளின் மதிப்பை மிகையாகக் கணித்ததனாலேயே வென்றிருப்பார், ஆகவே வெற்றியே நட்டமாகும் என்னும் கருத்தைப் பொருளியலார் 'வென்றவரின் சாபம்' என்பர். கடலடி எண்ணெய் உரிமங்களுக்கான ஏலங்களை ஆராய்ந்து 1971-இல் இதனை எடுத்துக்காட்டியவர்கள் அமெரிக்கப் பொறியாளர் மூவர். கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று அறிந்த எண்ணெய் நிறுவனம் அதனை வெளியே சொல்லாது. இலுப்பூரில் எலுமிச்சம்பழத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தவரோ அச்சாபத்தைப் படத்துடன் பிளக்ஸில் அச்சிட்டுப் பேருந்து நிலையத்தில் கட்டிவிடுகிறார்.

தொல்லை மறுநாள் காலையில் தொடங்குகிறது. ஏலத்தில் கேட்ட தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு. இம்மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கத்து மொய் விருந்துகளில், வாங்கிய மொய்யை நோட்டில் எழுதி வைத்து, முறை வரும்போது திருப்பிச் செய்யாதவருக்கு ஊரில் முகமில்லை. ஏலத்தொகைக்கு அந்த நோட்டின் அதிகாரம் கிடையாது. "அடுத்த பொங்கலுக்குச் சேத்துக் குடுத்துர்றேன் மாப்ள" என்னும் விடையைக் கேட்டுத் திரும்பும் பொருளாளர்களின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது.

ஆகையால், தேர்ந்த ஏலம் விடுபவர் வென்றவரை நம்பியிருப்பதில்லை. அறச்செயலுக்கு நிதி திரட்டும்போது சாதாரண ஏலம் அத்துணைப் பயன் தராது, தோற்றவரும் பணம் கட்டும் முறையே மேலானது என்று பொருளியலார் நால்வர் 2005-இல் கணித வழியில் நிறுவினர். எவர் வென்றாலும் பணம் நற்செயலுக்கே போகிறது என்னும் ஆறுதல் போட்டியாளரைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது என்பது அவர்கள் காட்டிய காரணம். அவ்வாய்வைக் கண்ணால் கண்டிராத இம்மனிதர், ஏலம் முடிந்த கையோடு ரசீதுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தோற்ற மச்சானிடம் போய், "அண்ணே, நாலாயிரம் வரைக்கும் வந்துட்டீக, அதுல பாதிய நன்கொடையா எழுதிக்கிறவா?" என்று பணிவுடன் கேட்கிறார். மச்சான் பெரும்பாலும் மறுப்பதில்லை. அவர் விதிக்கும் நிபந்தனை ஒன்றே: தொகையை ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது மாமா பந்தலைவிட்டுப் போயிருக்கக் கூடாது.