இலவசத்துக்கு இடையே புள்ளி

‘இலவசம்’ என்பதை எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்துப் பிரித்து, சலுகையைப் படத்துக்குள் ஒளித்துவிட்டால் ஸ்பேம் வடிகட்டி ஏமாந்துவிடும் என்று செய்திமடல் வடிவமைப்பாளர்கள் பலர் இன்னும் நம்புகிறார்கள். வடிகட்டிக்கு அந்த வேடமே அடையாளம். 2024 பிப்ரவரி முதல், தன் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோரிடம் ஜிமெயில் கேட்பது வேறு: அனுப்புநர் முகவரிக்குச் சான்று, ஒரே சொடுக்கில் விலகும் வழி, ஆயிரத்துக்கு மூன்றை எட்டாத ஸ்பேம் புகார். விலகும் வழியைப் பெரிதாகக் காட்டினால் பட்டியல் கரைந்துவிடுமே என்பார்கள். கரையட்டும், அப்படிப் போகிறவர் புகார் சொல்லாமல் போவார். அதையே வெளிர்சாம்பல் நிறத்தில், எறும்புக்கும் மூக்குக்கண்ணாடி தேவைப்படும் அளவில் கடைசி வரியில் வைத்தால், தேடிச் சலித்தவர் கைக்கு எட்டுவது மேலே இருக்கும் ஸ்பேம் பொத்தான்தான். அதை மட்டும் எந்த வடிவமைப்பாளராலும் சாம்பல் பூசி மறைக்க முடிவதில்லை.